எண்ணெய் தெளியவில்லையா? பிளீச்சிங் மண், கரித்தூள், ஃபில்டர் பவுடர் போடும் இடத்தில் வரும் கோளாறுகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து எண்ணெய் மில்லுகளிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, மண் போட்டும் எண்ணெய் மஞ்சளாவே நிக்குது. இன்னும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடட்டுமா?" வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறு என்பதுதான் எப்போதும் என் பதில். கூடுதலாகப் போடும் ஒவ்வொரு கிலோ மண்ணும் அரைக் கிலோ எண்ணெயைக் குடித்துக்கொண்டு வெளியே போகும். என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு போட்டால் பல நேரம் பாதி மண்ணே போதும்.

இங்கே நான் சொல்வது முக்கியமாகத் தேங்காய் எண்ணெய்க்கு. சோப்பு, தலை எண்ணெய், விளக்கு எண்ணெய் செய்கிறவர்களுக்கு நிறம் வாங்கிக் கொடுக்கும் சின்னக் கொட்டகைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சமையலுக்கு 'ரீஃபைண்டு' என்று விற்பது வேறு கதை. உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதற்கு அமிலம் நீக்க வேண்டும், மண்ணாலோ கரியாலோ வெளுக்க வேண்டும், நீராவியால் வாசம் நீக்க வேண்டும். மூன்றும் நடக்க வேண்டும். மண் மட்டும் போட்டு வடித்த எண்ணெய் ரீஃபைண்டும் ஆகாது, செக்கு எண்ணெயும் ஆகாது. அதைச் செக்கு எண்ணெய் என்று லேபிள் ஒட்டி விற்பவர்களுக்கு நான் யோசனை சொல்வதில்லை.

முதலில், எந்தத் தூள் என்ன செய்யும்

மூன்று தூளையும் 'பவுடர்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம். பிளீச்சிங் மண் என்பது பெண்டோனைட் களிமண். நம் நாட்டில் பெரும்பாலும் கட்ச், பார்மேர் பக்கம் வெட்டுகிறார்கள். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தினால் உள்ளே நுண்துளைகள் திறந்து, நிறம், பிசின், சோப்பு மிச்சம் எல்லாவற்றையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். கரித்தூள் என்றால் ஆக்டிவேட்டட் கார்பன், அடுப்புக்கரியை இடித்த தூள் அல்ல. புகை நாற்றத்துக்கும், புகையோடு வரும் கெட்ட சேர்மங்களுக்கும் இது கெட்டிக்காரத் தூள். ஃபில்டர் பவுடர் என்பது டயட்டமைட், பழங்காலத்து நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான மண். இது நிறத்தைத் தொடாது. துணிக்கு மேல் சல்லடை மாதிரி உட்கார்ந்து எண்ணெய்க்கு வழிவிட்டுத் தூளை நிறுத்தும், அவ்வளவுதான்.

ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது பாட்டிமார்கள் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுக் காவிரிக் கலங்கலை ஊற்றி வைப்பார்கள். கலங்கலைத் திரட்டி அடியில் படியவைப்பது அந்தக் கொட்டையின் வேலை. எண்ணெயில் மண் செய்வது அதுவல்ல, நிறத்தைத் தன்மேல் ஒட்டவைப்பது. அதனால்தான் மண் போட்ட எண்ணெயை ராத்திரி முழுக்கத் தெளியவிடக் கூடாது. ஒட்ட வேண்டியது அரைமணியில் ஒட்டிவிடும். அதற்கு மேல் சூட்டில் விட்டால் மண்ணே எண்ணெயைக் கெடுக்க ஆரம்பிக்கும்.

நம் குளத்து வண்டல் மண்ணைக் காயவைத்துப் போடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வயலுக்கு அது பொன். எண்ணெய்க்கு ஆகாது. அதில் இருக்கும் இரும்பும் மக்கும் எண்ணெயைக் கறுக்கடிக்கும்.

எந்தக் கோளாறுக்கும் முன்னால்: நாலு டம்ளர் சோதனை

நூறு நூறு கிராம் எண்ணெயாக நாலு ஸ்டீல் டம்ளரில் எடுங்கள். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, முறையே அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு கிராம் மண் போட்டு இருபது நிமிடம் கிளறுங்கள். ஃபில்டர் பேப்பரில் வடித்து, ஒரே அளவு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த அளவுக்கு மேல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லையோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே மஞ்சளாக இருந்தால் அந்த நிறம் மண்ணுக்குக் கட்டுப்படாத நிறம். அதைத் தெரிந்துகொள்ள ஐந்து கிராம் மண் செலவாகிறது. தெரியாமல் தொட்டியில் கொட்டினால் ஒரு மூட்டை.

ஐந்நூறு லிட்டர் தொட்டி என்றால் எண்ணெய் சுமார் 460 கிலோ. ஒரு சதவீதம் மண் 4.6 கிலோ. கழிவு மண்ணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெயாக இருக்கும், அதாவது இரண்டே கால் கிலோவுக்கு மேல் போய்விடும். இரண்டு சதவீதம் போட்டால் இழப்பும் இரட்டிப்பு. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைத்தாலே கை தானாகச் சுருங்கும்.

மண் போட்டும் மஞ்சள் போகவில்லை

முதலில் ஈரம் பாருங்கள். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். சடசட என்றால் தண்ணீர் இருக்கிறது. ஈரமான எண்ணெயில் மண் கட்டிகட்டியாகிவிடும், நிறத்தைப் பிடிக்க இடமிருக்காது. மண் போடும் முன் எண்ணெயைத் தனியாக நூறு, நூற்றைந்து டிகிரி வரை சூடாக்கி, குமிழி அடங்கும்வரை ஈரம் ஓட்டுங்கள்.

அப்புறம் எழுபது, எண்பதுக்கு ஆறவிட்டுத்தான் மண்ணைப் போட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். மண்ணிலேயே பத்து சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும். நூறைத் தாண்டிய எண்ணெயில் கொட்டினால் அந்த ஈரம் ஒரேயடியாக ஆவியாகி, எண்ணெய் பொங்கி வழிந்து, கிளறுகிறவர் மேல் விழும். தொட்டியில் கால்வாசி காலியாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறி, அதன்பின் மெல்ல 95 வரை ஏற்றுங்கள். இருபதிலிருந்து முப்பது நிமிடம் போதும். மண்ணின் ஈரத்தைப் போக்குகிறேன் என்று அதை இரும்புச் சட்டியில் வறுக்கவும் வேண்டாம். அதிகம் காய்ந்தால் நுண்துளைகள் அமுங்கி, மண் சக்தி இழந்துவிடும்.

அடுத்தது கசடு. எக்ஸ்பெல்லரிலிருந்து (எண்ணெய் பிழியும் இயந்திரம்) வந்த எண்ணெயை அப்படியே தொட்டிக்கு விட்டால் புண்ணாக்குத் தூளும் பிசினும் மண்ணின் இடத்தை முதலில் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் தெளியவிட்டு, ஒருமுறை துணியில் வடித்து, அதற்குப் பிறகுதான் மண்.

ஈரமும் இல்லை, கசடும் இல்லை, இன்னும் மஞ்சள் என்றால் கோளாறு கொப்பரையில் இருக்கிறது. நிலக்கடலை, எள் எண்ணெய்களில் மண் பிடிக்கும் பச்சையம் முதலான இயற்கை நிறங்கள் கொஞ்சம் அதிகம். தேங்காய் எண்ணெயில் அவை மிகக் குறைவு. அதன் மஞ்சளும் பழுப்பும் பெரும்பாலும் பருப்பின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் கருகியதால் வருபவை. அப்படிப் பதிந்த நிறத்தை எந்த மண்ணும் முழுதாக எடுக்காது. புது தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது ஆறு சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் களத்தில் வெயில் கிடைக்காமல் நாலு நாள் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பதறிப்போய் அடுப்புப் புகையில் அவசரமாக வாட்டினால் வெளியே கருகி உள்ளே ஈரம் நிற்கும். இரண்டுமே எண்ணெயில் நிறமாக வந்து நிற்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு இதை நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். விழுந்த மரங்களில் முற்றாத காய்களையும் விட மனசில்லாமல் உடைத்துக் காயப்போட்டார்கள். இளங்காய்க் கொப்பரை உடையாது, ரப்பர் மாதிரி வளையும். அதை ஆட்டிய எண்ணெய் நுரைத்தது, கசடு அதிகம், மூன்று சதவீதம் மண் போட்டும் வெளுக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அன்றைக்குக் கையில் இருந்தது அந்தக் காய்கள்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான்தான் மண்ணை நம்பி அவர்கள் எண்ணெயில் ஒரு பங்கை வீணாக்கினேன். நாலு டம்ளர் சோதனையை அதற்குப் பிறகு ஒரு தடவையும் நான் விட்டதில்லை.

மண் போட்ட பிறகு முன்னைவிடக் கறுத்தது

சூடு நூற்றுப் பத்தைத் தாண்டியதா, தொட்டி திறந்தே கிடந்ததா என்று பாருங்கள். பெரிய ஆலைகளில் வெற்றிடத்தில் இந்த வேலையைச் செய்வது காற்று படாமல் இருக்கத்தான். நம்மிடம் அந்த வசதி இல்லாததால் சூட்டைக் குறைத்து, நேரத்தைக் குறைத்து, மூடியைப் போட்டு வைக்க வேண்டும். கிளறும் துடுப்பு எண்ணெய்க்குள் காற்றை இழுத்து நுரை கட்டினால் வேகத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று பாத்திரம். நாச்சியார்கோயில் பித்தளை குத்துவிளக்குக்கு ஈடில்லை. ஆனால் பித்தளை, செம்பு அண்டாவில் எண்ணெயைச் சூடாக்கி மண் போட்டால் செம்பு இம்மியளவு கரைந்தாலும் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், நிறமும் ஏறும். பைப்பில் ஒரு பித்தளை வால்வு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி.

புகை நாற்றம் போகவில்லை

இதற்கு மண்ணைக் கூட்டிப் பயனில்லை, கரித்தூள் வேண்டும். போடும் மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்கு கரித்தூளை மண்ணோடு கலந்து போட்டுப் பாருங்கள். புகையில் வாட்டிய கொப்பரை எண்ணெயில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் எண்ணெயில் பென்சோபைரீனுக்கு ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. நல்ல கரித்தூள் இவற்றைப் பிடிக்கும். எவ்வளவு பிடித்தது என்பதை மூக்கு சொல்லாது, ஆய்வகம்தான் சொல்லும். நாற்றம் போய்விட்டது, ஆகவே சமையலுக்கு விடலாம் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். பூஞ்சைக் கொப்பரையில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நச்சுக்கும் இதே பேச்சுதான்.

கரித்தூளை அளவுக்கு மேல் போட்டால் மண்ணைவிட அதிக எண்ணெய் குடிக்கும், வடிகட்டுவதும் பெரும்பாடு.

மண் வாசம் வருகிறது

அமிலமேற்றிய மண் போட்டால் கொஞ்சம் மண் வாசம் வரத்தான் செய்யும். பெரிய ஆலைகளில் அடுத்துவரும் நீராவி அதை அடித்துக்கொண்டு போய்விடும். நம்மிடம் அது இல்லை. அளவைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், அமிலம் ஏற்றாத இயற்கை மண்ணுக்கு மாறுங்கள். நிறம் கொஞ்சம் குறைவாகத்தான் வெளுக்கும். தலை எண்ணெய் செய்கிறவர்களுக்கு வாசம்தான் பெரிது, பளிங்கு வெள்ளை இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அமிலம் ஏறிவிட்டது என்று எண்ணெய் திரும்பி வந்தது

சோப்புக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள். அமில மண்ணும் ஈரமும் சூடும் ஒன்று சேர்ந்தால் எண்ணெய் உடைந்து கொழுப்பமிலம் கூடும். மண் போடுவதற்கு முன்னும் பின்னும் நீங்களே அளந்துகொள்ளலாம். பத்து கிராம் எண்ணெயை நடுநிலையாக்கிய சூடான ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் (நிறம் காட்டும் திரவம்) விட்டு, பியூரெட்டில் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு இறக்குங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்துங்கள். எத்தனை மில்லி இறங்கியதோ அதை 0.2-ஆல் பெருக்கினால் லாரிக் அமிலக் கணக்கில் கொழுப்பமிலம் எத்தனை சதவீதம் என்று வரும். ஐந்து மில்லி என்றால் ஒரு சதவீதம்.

முன்னுக்கும் பின்னுக்கும் 0.1 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் கவலை இல்லை. அதற்கு மேல் என்றால் ஈரத்தை விட்டுவிட்டீர்கள், அல்லது மண் மிகவும் புளிப்பு. ஒரு ஸ்பூன் மண்ணைச் சுத்தமான தண்ணீரில் கலக்கி பி.எச். தாள் வைத்துப் பாருங்கள். மூன்றுக்குக் கீழே காட்டும் மூட்டையை நான் தேங்காய் எண்ணெய்க்கு எடுப்பதில்லை. முன்னாலேயே அமிலம் அதிகமாக இருந்தால் மண்ணால் அது குறையாது. அது காரம் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

ஃபில்டர் பிரஸ் ஓடவில்லை, அழுத்தம் ஏறுகிறது

ஃபில்டர் பிரஸ் என்பது துணி போர்த்திய தட்டுகளுக்கு நடுவே பம்பால் எண்ணெயை அழுத்தி வடிக்கும் இயந்திரம். பத்து நிமிடத்தில் அதன் அழுத்தமானி மேலே போய் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால், தொண்ணூறு சதவீதம் நேரம் துணிக்கு மேல் முதல் பூச்சு போடாததுதான் காரணம். சுத்தமான எண்ணெயில் ஃபில்டர் பவுடரைக் கரைத்து, பத்து சதுர அடி துணிக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ கணக்கில், மண் கலந்த எண்ணெய் வருவதற்கு முன்பே பிரஸ்ஸில் சுற்றவிடுங்கள். திரும்பி வரும் எண்ணெய் கண்ணாடி மாதிரி ஆனதும், பம்பை நிறுத்தாமலே மண் கலந்த எண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்தினால் பூச்சு துணியை விட்டு நழுவிவிடும். பிறகு மண் கலந்த எண்ணெயிலும் கொஞ்சம் ஃபில்டர் பவுடர் சேர்த்தால், துணிமேல் படியும் மண் அடை (கேக்) இறுகாமல் வழி விட்டுக்கொண்டே இருக்கும்.

அவசரத்துக்குப் பம்பின் வேகத்தைக் கூட்டாதீர்கள். கேக் அமுங்கி இன்னும் மோசமாகும். எண்ணெயின் சூடும் பாருங்கள். எழுபதுக்குக் குறைந்தால் கெட்டிப்பட்டு மெதுவாகத்தான் வரும்.

இந்த ஃபில்டர் பவுடரை மூட்டையிலிருந்து கொட்டும்போது முகக்கவசம் கட்டாயம். சுட்டுத் தயாரித்த டயட்டமைட்டில் படிகச் சிலிக்கா இருக்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. கொட்டகையில் மூட்டை பிரிக்கிற வேலை பெரும்பாலும் வயதில் சின்னவர்களுக்குத்தான் போகிறது. நல்ல கவசம் வாங்கிக் கொடுத்து, அவர்கள் அதைப் போட்டிருக்கிறார்களா என்று முதலாளி நின்று பார்க்க வேண்டும்.

வடித்த எண்ணெய் கலங்கலாக இருக்கிறது

ஒரு பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஐம்பது டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தெளிந்தால் அது வெறும் உறைவு. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும், மார்கழிக் காலையில் டெல்டாவில் இது சாதாரணம். அதற்குக் கோளாறு ஒன்றுமில்லை. தெளியாமல் திரி சடசடத்தால் ஈரம். அதுவும் இல்லாமல் ஒரு நாள் வைத்ததும் அடியில் சாம்பல் நிறமாக ஒரு கோடு படிந்தால் தூள் தப்பி வந்திருக்கிறது. துணியில் கிழிசலைத் தேடுங்கள். தட்டுகளின் ஓரத்தில் துணி மடிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், நான் பார்த்தவரை கிழிசலைவிட மடிப்புதான் அதிகம். முதலில் வரும் எண்ணெயை எப்போதும் தொட்டிக்கே திருப்பிவிட்டு, தெளிந்த பிறகு பிடியுங்கள். தங்கிப்போன மண் தூள் எண்ணெயைக் காறவைத்துக்கொண்டே இருக்கும், ஆகவே 'அடியில் படிந்துவிடும்' என்று டின்னில் அடைக்க வேண்டாம்.

கழிவு மண் சூடாகிறது, புகை வருகிறது

இதைப் பார்த்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்துங்கள். பிரஸ்ஸிலிருந்து உதிர்த்த மண் பார்க்கச் சேறு மாதிரி அமைதியாகக் கிடக்கும். ஆனால் அதன் நுண்துளைகள் முழுக்க எண்ணெய், ஒவ்வொரு துளையிலும் காற்று. எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூட்டை உண்டாக்கும், குவியல் அந்தச் சூட்டை வெளியே விடாது. சில மணி நேரத்தில் உள்ளே கனல் பிடித்துவிடும், தீக்குச்சி தேவையில்லை.

தேங்காய் எண்ணெய் இதில் கொஞ்சம் மெதுவானது. அதன் அயோடின் எண் (எண்ணெய் காற்றோடு எவ்வளவு எளிதில் சேரும் என்பதைக் காட்டும் எண்) பத்துக்குள். நல்லெண்ணெயில் அது நூறைத் தாண்டும், கடலை எண்ணெயில் எண்பத்தைந்துக்கு மேல். எண் கூடக்கூட மண் வேகமாகச் சூடேறும். தாளடி அறுத்த வயலில் போட்ட எள் ஒரு வருடம் நன்றாக விளைந்து, விளக்கு எண்ணெய்க்காக நானும் நல்லெண்ணெய்க்கு மண் போட்டேன். சாயங்காலம் உதிர்த்த கழிவைச் சாக்கில் கட்டி, தென்னை நார் அடுக்கியிருந்த சுவரோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்கா புகை வாசம் பிடித்து எழுப்பினார். சாக்கு உள்ளுக்குள்ளேயே எரிந்து நாருக்குத் தாவியிருந்தது. அவர் எழுந்திருக்காவிட்டால் அந்தத் தெருவில் கீற்றுக் கொட்டகை ஒன்றும் மிஞ்சியிருக்காது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

அதனால் நான் செய்வது இதுதான். பிரஸ்ஸைத் திறக்கும் முன் கொஞ்ச நேரம் நீராவி ஊதி எண்ணெயை மீட்டுக்கொள்வேன். நீராவிக்குக் கொதிகலன் இல்லாதவர்கள் கேக் ஆறிய பிறகு காற்று ஊதலாம், சூடான கேக்கில் ஊதக் கூடாது. உதிர்த்த மண்ணை உடனே தண்ணீர் தெளித்து நனைத்து, மூடியுள்ள இரும்பு டிரம்மில் போட்டு, கட்டடத்தை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் வைப்பேன். சாக்கு, நார், கீற்று, வைக்கோல் எதுவும் பக்கத்தில் இருக்காது. மறுநாள் காலை டிரம்மின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்ப்பது முதல் வேலை.

புகைய ஆரம்பித்துவிட்டால் மண்வெட்டியால் மெல்லிசாகப் பரப்பித் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் தீப்பிடித்தது சூடான எண்ணெய்த் தொட்டி என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு, உலர் பவுடர் தீயணைப்பானை எடுங்கள். இந்த இரண்டையும் வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அவசரத்தில் மாற்றிச் செய்துவிடுவார்கள்.

கழிவை வாய்க்காலில் மட்டும் தள்ளாதீர்கள். எண்ணெய்ப் படலம் கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால் வழியாக அடுத்தவர் நடவு வயலில் போய் நிற்கும். எண்ணெய் இருப்பதால் இது நன்றாக எரியும், எனவே பக்கத்துச் செங்கல் சூளையில் கேட்டுப் பாருங்கள். எங்கள் சூளைக்காரர் வாரம் ஒரு நாள் வந்து, நனைந்த மண்ணை டிரம்மோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்.